லாக்டவுன்ல மனசு யாருக்கு ஜாஸ்தி அடி வாங்குச்சு?

2020 லாக்டவுன்ல லேடீஸுக்குத்தான் டிப்ரஷன் ஜாஸ்தின்னு சொல்றாங்களே, வேலை போனது ஆம்பளைங்களுக்கும்தானே, அப்புறம் எப்படி?

பதில் 1: லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு, 2020ல உலகம் முழுக்க கூடுதலா வந்த டிப்ரஷன் கேஸ் சுமார் 5.3 கோடி, அதுல 3.5 கோடி பெண்கள்னு மதிப்பீடு. ஸ்கூல் மூடுனப்ப ஆன்லைன் கிளாஸுக்குப் பக்கத்துல உக்காந்தது யாரு, மூணு வேளையும் சமைச்சது யாரு, இதுல ஆபீஸ் கால் வேற!

பதில் 2: அடிக்கிற புருஷனோட ஒரே வீட்ல அடைஞ்சு கிடந்தவங்கள விட்டுட்டீங்களே. போன்ல பேசக்கூட தனியா இடம் கிடையாது, தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரல்ல புகாருக்கு வாட்ஸ்அப் நம்பரே விட்டாங்க.

பதில் 3: ஆம்பளைங்க வெளிய சொல்றதே இல்ல பாஸ். என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) கணக்குல 2020ல இந்தியாவுல தற்கொலை 1,53,052, அதுல 71% கிட்ட ஆண்கள்.

பதில் 1: அது 2019லயும் 70% தான், அதனால லாக்டவுன் தலையில மட்டும் கட்டாதீங்க. ஆனா சொல்றதில்லங்கறது கரெக்ட், எங்க வீட்லயே பாத்துருக்கேன்.