புதுப்பிப்பு: கஸ்டர்ட் பை இந்த முறை குலையாமல் வந்தது

அமெரிக்கத் தென் மாநிலங்களின் முட்டைக் கஸ்டர்ட் பை (pie: மாவுக்கூட்டில் முட்டை, பால் கலவையை ஊற்றிச் சுடும் இனிப்பு) செய்தேன், அடிமாவு ஊறிப்போய், கஸ்டர்ட் திரிந்து நீர் விட்டுவிட்டது என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். நேற்று மறுபடி செய்தேன். வந்துவிட்டது!

வெறும் மாவுக்கூட்டின்மேல் காகிதம் விரித்து, காய்ந்த பயறு நிரப்பி, முதலில் தனியே சுட்டேன். பயறை எடுத்ததும் வெள்ளைக்கருவை மெல்லப் பூசி மேலும் இரண்டு நிமிடம். ஈரம் இறங்காமல் தடுப்பது அந்தப் பூச்சுதான். உள்ளே 4 முட்டை, 600 மில்லி சூடான பால், 130 கிராம் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா. நுரைக்காமல் கலந்து வடிகட்டினேன்.

என் பெரிய தவறு வேறு. நடுப்பகுதி கெட்டியாகும்வரை ஓவனிலேயே விட்டிருந்தேன். மாவு சேராத கஸ்டர்ட் 85 டிகிரி செல்சியஸை நெருங்கினால் முட்டைப் புரதம் இறுகி நீரைப் பிழிந்துவிடும். இம்முறை ஓவனை 165 டிகிரியில் வைத்து, ஓரம் நிலைத்து நடு மட்டும் இளந்தயிர்போல் அசையும்போதே எடுத்துவிட்டேன். மீதியை உள்சூடே பார்த்துக்கொண்டது.

நான்கு மணி நேரம் ஆறவைத்து வெட்டினேன். வெட்டிய முகம் வழவழப்பாக, ஒரு துளைகூட இல்லாமல் நின்றது. மேலே துருவிய ஜாதிக்காயின் மணம் இன்னும் சமையலறையில் இருக்கிறது. "சீக்கிரம் எடுங்கள்" என்று வற்புறுத்திய அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. அடுத்தது மோர் பை.