ஆன்லைன் வகுப்புல படிச்ச பிள்ளைங்க கையெழுத்து

கேள்வி: 2020 மார்ச்சில் பள்ளியை மூடினப்போ என் பொண்ணு ஒண்ணாவது. ஸூம்ல டீச்சர் பேசிட்டே இருப்பாங்க, இவ வீடியோவை அணைச்சிட்டு கட்டிலுக்கு அடியில படுத்திருப்பா. இப்போ மூணாவது. கணக்கெல்லாம் டக்குனு போடுறா. பென்சில மட்டும் முஷ்டியா பிடிக்கிறா, எழுத்து கோழி கிறுக்கினாப்ல இருக்கு. உங்க வீட்டுல எப்படி சரியாச்சு?

பதில் 1: எங்களுக்கு ஒரே போன், ரெண்டு பிள்ளைங்க. பெரியவனுக்குப் பரீட்சைன்னா சின்னவனுக்கு வகுப்பு போச்சு. யுனெஸ்கோ கணக்குல அப்போ 190க்கும் மேற்பட்ட நாடுகள்ல சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி இல்ல. உங்க பொண்ணு மட்டும் பின்தங்கல.

பதில் 2: நோட்டு நோட்டா எழுத வைக்காதீங்க, வெறுத்துடுவா. விரல்ல பலம் வரணும். மாவு பிசையட்டும், கத்தரிக்கோலால காகிதம் வெட்டட்டும். குட்டைப் பென்சில் குடுங்க, முஷ்டியா பிடிக்க இடமே இருக்காது.

கேட்டவர்: குட்டைப் பென்சில் இன்னைக்கே. மாவு மட்டும் வேண்டாம் சாமி, சோபா பூரா ஏற்கெனவே களிமண்ணு.