தொடர் மின்தேக்கி உள்ள லைன்களில் நீங்கள் சந்தித்த தவறான டிரிப்

இரவுப்பணி:
400 கிலோவோல்ட் லைன், அதன் மின்மறுப்பில் 40 விழுக்காட்டை ஈடுசெய்யும் தொடர் மின்தேக்கி எங்கள் முனையில். அதைத் தாண்டிய உடனே பழுது. அந்த லைன் டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டிக்கப்பட்டது, நியாயம். ஒரு குறையுமில்லாத பக்கத்து லைனும் கூடவே போனது ஏன்? விடியற்காலை நான்கு மணிக்குப் பழுதுப் பதிவைத் திறந்தேன். லைன்கள் வந்து சேரும் பொதுக் கடத்தியான பஸ்ஸின் மின்னழுத்தம் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. பக்கத்து லைனைக் காக்கும் பழைய ரிலே (பழுதை உணர்ந்து துண்டிக்க ஆணையிடும் கருவி), தன் முதுகுக்குப் பின்னால் நடந்த பழுதை எதிரில் நடந்ததாக எடுத்துக்கொண்டிருந்தது. அன்று பழுது மின்னோட்டம் குறைவு. மிகை மின்னழுத்தத்திலிருந்து மின்தேக்கியைக் காக்கும் எம்ஓவி கடத்தவில்லை, மின்தேக்கி முழுதாகச் சுற்றில் நின்றது. இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்த அலைவடிவம் கண்ணை விட்டு அகலவில்லை.

ஓம்கணக்கு:
பழுதுக்கு முந்தைய மின்னழுத்தத்தை நினைவில் வைத்துத் திசை பார்க்கும் ரிலே இருந்திருந்தால் அது நடந்திருக்காது. எங்களுக்கு நேர்ந்தது வேறு. பழுது எவ்வளவு தூரம் என்பதை ரிலே ஓமில் அளக்கும். லைன் 100 ஓம். 40 ஓம் மின்தேக்கி புதிதாக வந்தது, அதைக் கழித்தால் 60. மண்டலம் 1, அதாவது ரிலே காத்திருக்காமல் டிரிப் கொடுக்கும் எல்லை, மட்டும் பழைய 80 ஓமிலேயே இருந்தது. எதிர்முனைக்கு அப்பால், அடுத்த லைனில் பழுது. ரிலேக்கு அது 70 ஓமாகத் தெரிந்தது, உடனே டிரிப். அமைப்புத் தாளில் கையெழுத்திட்டவன் நான். 60 ஓமில் 80 விழுக்காடு, அதாவது 48 என்று மாற்றியிருக்க வேண்டும். எல்லோரும் இன்றே உங்கள் தாள்களை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாம்மண்டலம்:
48 போதும் என்பதை ஏற்க மாட்டேன். மின்தேக்கியும் லைனும் சேர்ந்து 50 ஹெர்ட்சுக்குக் கீழான அலைவை எழுப்பும். ரிலே அளக்கும் ஓம் சுழன்று சுழன்று உள்ளே வரும். அதனால் இன்னும் குறைக்க வேண்டும். ஆனால் மின்தேக்கி பைபாஸில், அதாவது சுற்றிலிருந்து விலக்கி, இருக்கும் நாளில் அதே 48 பாதி லைனைக்கூட எட்டாது. ஆகவே மண்டலம் 1-ஐ மட்டும் நம்பாதீர்கள். ஒளியிழை இருந்தால் இரு முனை மின்னோட்டத்தையும் ஒப்பிடும் வேறுபாட்டுப் பாதுகாப்பை முதன்மையாக வையுங்கள். இல்லையென்றால் எதிர்முனையின் அனுமதிச் சைகையோடு இயங்கும் திட்டம் வேண்டும். ரிலேக்கு மின்னழுத்தம் தரும் மின்னழுத்த மாற்றி மின்தேக்கிக்கு பஸ் பக்கமா, லைன் பக்கமா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். வரைபடத்தை நம்பி ஒருமுறை ஏமாந்தேன். இன்னொரு நாள், மின்தேக்கியைக் காக்கும் ஸ்பார்க் கேப் (தீப்பொறி இடைவெளி) வெடித்துப் பற்றியபோது மின்தேக்கி மேடைக்குச் சற்றுத் தள்ளித்தான் நின்றிருந்தேன். வெள்ளை வெளிச்சம், காதடைக்கும் சத்தம். அடுத்த நொடி கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி: "எந்த லைன் போனது?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவுப்பணி:
ஓம்கணக்கு, எங்கள் ரிலேயிலும் நினைவு வசதி இருந்தது. யாரும் அதை இயக்கி வைக்கவில்லை.