மறுமொழி: ‘நடமாடும் குருதியழுத்தக் கண்காணிப்பு’ சரிவருமா?

> ஆம்புலேட்டரி என்பதற்கு ‘நடமாடும்’ என்றே போட்டுவிடலாம். ஆம்புலன்சுக்கும் அதே வேர்தானே?

வணக்கம் ஐயா,

ஆம்புலேட்டரி பிளட் பிரஷர் மானிட்டரிங், அதாவது ஒருநாள் முழுக்க உடம்பில் கருவியை மாட்டிவிட்டுக் குருதியழுத்தம் பார்க்கும் சோதனைக்குத்தானே தமிழ்ப் பெயர் தேடுகிறோம்? நீங்கள் சொன்ன வேர் அதுதான். லத்தீனில் ஆம்புலாரே என்றால் நடப்பது. ஆனால் நடமாடும் நூலகம், நடமாடும் ரேஷன் கடை என்று நாம் சொல்லும்போது ஊர் ஊராகப் போவது நூலகமும் கடையும். அந்தக் கணக்கில் ‘நடமாடும் கண்காணிப்பு’ என்றால், வேனில் வந்து பிபி பார்த்துவிட்டுப் போகிறார்கள் போல என்றுதான் எங்கள் தெருவில் நினைப்பார்கள்.

போன மாதம் அப்பாவுக்கு இந்தக் கருவியை மாட்டி அனுப்பினார்கள். இடுப்பில் சின்னப் பெட்டி, மேற்கையில் பட்டை, நடுவே ஒரு குழாய். பகலில் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், இரவில் அரை மணிக்கு ஒரு தரம் பட்டை தானாக இறுகித் தளரும். அப்போது கையை ஆட்டக் கூடாது. அப்பா சாப்பாட்டுக்கு நடுவில் இடக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். தூங்கிய நேரம், எழுந்த நேரம் இரண்டையும் தாளில் குறித்துவரச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மருத்துவர் முதலில் தேடியது இரவு எண்களை. தூக்கத்தில் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல். கிளினிக்கில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதில் இது தெரியாது. மருத்துவரின் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏறும் பிரஷரின் சாயமும் இந்தப் பதிவில்தான் வெளுக்கும். உயர் அழுத்தம் என்று சொல்லும் வரம்புகள்கூட வேறு: கிளினிக்கில் 140/90 என்றால் 24 மணிநேரச் சராசரிக்கு 130/80, தூக்கத்துக்கு 120/70. படுத்துத் தூங்கும் நேரத்துக்கு இவ்வளவு மதிப்புள்ள சோதனைக்குப் போய் ‘நடமாடும்’ என்று பெயர்!

‘கண்காணிப்பு’ம் எனக்கு இடிக்கிறது. கண்காணிப்பு என்றால் யாரோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே பெட்டி பதிந்துகொள்கிறது, பிறகு கணினியில் ஏற்றிப் பார்க்கிறார்கள். ‘பதிவு’ போதும்.

முன்னொட்டுக்கு முதலில் ‘முழுநாள்’ என்று நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூடத்து முழுநாள் சாயங்கால மணியோடு முடிந்துவிடும். ‘24 மணிநேர’ என்றால், 48 மணிநேரம் மாட்டிவிடும்போது என்ன செய்வது? அப்புறம்தான் அம்மா சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது: “இராப்பகலா இதைக் கட்டிக்கிட்டே திரியணுமா?”

ஆக என் பரிந்துரை: இராப்பகல் குருதியழுத்தப் பதிவு. சொல்லிலேயே இரவு முன்னால் நிற்கிறது. நார்மன் ஹோல்ட்டர் உருவாக்கி அவர் பெயரால் வழங்கும், நாள் முழுக்கக் கருவியை மாட்டிப் பார்க்கும் இதயச் சோதனைக்கும் ‘இராப்பகல் இதயமின் பதிவு’ என்று இதே முன்னொட்டு பொருந்தும். அழுத்தத்தை அமுக்கம் என்று எழுதும் இலங்கை நண்பர்கள் ‘இராப்பகல் குருதியமுக்கப் பதிவு’ என்று மாற்றிக்கொள்ளலாம், சண்டை வேண்டாம். கருவிக்கு ‘இராப்பகல் அழுத்தமானி’.

ஒன்றில்தான் சிக்கிக்கொண்டேன். தூக்கத்தில் அழுத்தம் இறங்குவதற்கு ‘இரவுத் தாழ்வு’ என்று எழுதிப் பார்த்தேன்; தாழ்வு மனப்பான்மை மாதிரி ஒலிக்கிறது. ‘இரவிறக்கம்’ பரவாயில்லை. ஆனால் அது நிகழாதவரை ‘இரவிறக்கம் இல்லாதவர்’ என்றால் இரக்கமில்லாதவர் என்று காதில் விழுந்து தொலைக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.