விடாமல் திரும்பி வரும் பி0171: எதை முதலில் சோதிப்பது?

எங்கள் பழைய பெட்ரோல் செடானில் (2009 மாடல், 1.6 லிட்டர், மேனுவல் கியர், கோயம்புத்தூர்) என்ஜின் எச்சரிக்கை விளக்கு ஓயவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் வரும் குறியீடு பி0171 மட்டும்தான். அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அழித்தாலும் ஓரிரு நாளில் திரும்பிவிடுகிறது. மழைக்காலத்துக்கு முன்பு தொடங்கிய தொல்லை இது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) நடுங்குகிறது, சூடானபின் அடங்குகிறது. மேட்டில் இழுவை குறையவில்லை.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் மூன்றும் புதியவை. ஏர் ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் செய்தாயிற்று. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்களைச் சுற்றி கார்ப் கிளீனர் அடித்தும் ஐடில் அசையவில்லை. சைலன்சர் பக்கத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. நீண்டகால ஃபியூயல் டிரிம் (கலவையைச் சரிசெய்ய என்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் +20 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் +6 ஆக இறங்குகிறது. பம்ப் பலவீனமென்றால் வேகம் கூடும்போதல்லவா டிரிம் ஏற வேண்டும்? இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம் என்றாலும் எல்லா வேகத்திலும் ஒரே அளவு ஏறியிருக்கும்.

பம்புக்குச் செலவழிக்கும் முன் பிசிவி வால்வு (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் வால்வு), பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கட், ஆக்ஸிஜன் சென்சாருக்கு முந்தைய எக்ஸாஸ்ட் கசிவு ஆகியவற்றில் எதை முதலில் சோதிப்பது?