புதுக் கத்தியில் குறை என்றால் வாரண்டி மட்டும் போதுமா?

மடக்குக்காரன்:
புதிதாக ஒரு லைனர் லாக் மடக்குக் கத்தி வாங்கினேன் (கைப்பிடிக்குள் இருக்கிற லைனர் என்ற உலோகத் தகடே பிளேடைப் பூட்டுகிற வகை). விரித்தால் நன்றாகப் பூட்டுகிறது. மூடினால் பிளேடு நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறது. கூருக்காகத் தீட்டிய பட்டை ஒரு புறம் அகலம், மறுபுறம் ஒல்லி. தயாரிப்பாளருக்கு எழுதினால், அனுப்புங்கள், வாரண்டியில் பார்க்கிறோம், அனுப்பும் செலவு உங்களுடையது என்கிறார்கள். ஆலையில் ஒருவர் கையில் எடுத்து ஒரு தடவை திறந்து மூடியிருந்தால் இது தெரிந்திருக்காதா? சோதிக்கிற வேலையை வாங்குகிறவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு வாரண்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

சாணைக்கல்:
பிளேடு லைனரில் உரசுகிறதா, இல்லை நடுவில் நிற்கவில்லை என்பது மட்டும்தானா? உரசினால் குறை. உரசாவிட்டால் அது கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயம், வெட்டுவதற்கு ஒரு தடையும் இல்லை. பிளேடு சுழல்கிற பிவோட் திருகைக் கொஞ்சம் தளர்த்தி இறுக்கினாலே பாதிக் கத்திகள் சரியாகிவிடும். அதற்குள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்புதான் வருகிறது.

மடக்குக்காரன்:
உரசவில்லை, நடுவே ஒரு தாள் நுழையும். திருகியும் பார்த்தாயிற்று சார். நடுவுக்குக் கொண்டுவந்தால் பிளேடு பக்கவாட்டில் ஆடுகிறது. ஆட்டம் போக இறுக்கினால் மறுபடி சாய்கிறது. இதையும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம் என்பீர்களா?

சாணைக்கல்:
அப்படியென்றால் துளை நேராக இல்லாமல் இருக்கலாம், அல்லது லைனர் வளைந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொதுவாகச் சொல்கிறேன்: லைனர், வாஷர், கைப்பிடியின் இரு பக்கங்களுக்கு நடுவே நிற்கிற இடைத்தூண், பிளேடு எல்லாமே தனித்தனியாக அளவுக்குள் இருந்தாலும், ஒன்றின் மேல் ஒன்று சேரும்போது சின்னச் சின்ன விலகல்கள் கூடி முனையில் பெரிதாகத் தெரியும். பெருமளவில் செய்கிற கத்தியில் இது வராமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் கையால் பொருத்தித் தேய்க்க வேண்டும். அந்தக் கத்தியின் விலையே வேறு.

உலைவாய்:
இரண்டு பேரும் சாய்வையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது பூட்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த லைனர் லாக்கில், லைனரின் நுனி பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கிறது. பிளேடில் அது முட்டுகிற முகம் லேசான சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், தேயத் தேய நுனி இன்னும் உள்ளே நகரும். அதனால் புதுக் கத்தியில் நுனி மறுகோடி வரை போய்விட்டிருந்தால் தேய இடமே இல்லை. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் நழுவும். இரண்டுமே திருப்பி அனுப்ப வேண்டிய குறைகள்.

அப்புறம் ஆட்டத்தில் இரண்டு வகை. பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் பிவோட் திருகில் தீரும். விரித்த பிளேடு மேலும் கீழும் ஆடினால் அது பூட்டும் முகத்தின் கோளாறு, எந்தத் திருகும் தீர்க்காது. பார்க்கும்போது கூர் மூடுகிற வழியில் விரல் இருக்கவே கூடாது. பிளேடின் முதுகைக் கட்டையில் ஓங்கி அடித்து சோதிப்பதைச் சிலர் வீரம் மாதிரி செய்கிறார்கள். அந்த அதிர்ச்சியில் நல்ல பூட்டுகூட விலகலாம். அதை வைத்து வாரண்டி கேட்காதீர்கள்.

கைப்பிடி:
கூர் சீக்கிரம் மழுங்குவதும் குறைதானே? வாங்கிய புதிதில் அட்டைப்பெட்டி வெட்டியே போய்விட்டது. எஃகின் பதம் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உலைவாய்:
அவசரப்படாதீர்கள். ஆலையில் ஓடும் பெல்ட்டில் வைத்துத் தீட்டும்போது, மெல்லிய கூரில் சூடேறி அந்த விளிம்பு மட்டும் பதம் இழந்திருக்கலாம். ஓரிரு தடவை கல்லில் தீட்டி, அடியிலுள்ள நல்ல எஃகு வெளியே வந்தபின் பாருங்கள். அப்போதும் மழுங்கினால் சந்தேகப்படலாம். உதாரணமாக, எஸ்30வி என்கிற கத்தி எஃகுக்கு வழக்கமாக ராக்வெல் அளவில் 58 முதல் 61 வரை கடினம் வைப்பார்கள். அதை வீட்டில் அளக்க முடியாது. வாங்குகிறவனால் சோதிக்கவே முடியாத இந்த இடத்தில்தான் ஆலையின் சோதனை கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன். பிளேடு நடுவில் நிற்கிறதா என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சாணைக்கல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். குறை எது, தேய்மானம் எது, பொருளின் இயல்பு எது என்று பிரிக்கத் தெரியாமலே பாதிச் சண்டை. ஒப்பினெல் கத்தியின் மரப்பிடி ஈரத்தில் ஊதி பிளேடு இறுகும். மரம் அப்படித்தான். அதற்கு வாரண்டி கேட்டால் என்ன செய்வது? விக்டோரினாக்ஸ் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்பதும் பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைக்குத்தான், சாதாரணத் தேய்மானத்துக்கு இல்லை. பல்கருவி செய்கிற லெதர்மேன் 25 ஆண்டு வாரண்டி தருகிறது என்பதற்காக, முனையை நெம்புகோலாக்கி உடைத்துவிட்டு நீட்டலாமா?

மடக்குக்காரன்:
நான் எதையும் நெம்பவில்லை, பெட்டியில் வந்தபடி சாய்ந்திருக்கிறது. நீளமான வாரண்டியைக் காட்டி விற்கிறவர்கள் முன்சோதனையைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது என் புகார். சரிசெய்து திரும்பும் வரை கத்தி என் கையில் இல்லை, அனுப்பும் செலவும் என்னுடையது. இதில் நிறுவனம் இழப்பது என்ன? இன்னொன்று. கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று பலர் எழுதி வைக்கிறார்கள். மண்ணும் பிசினும் உள்ளே போகிற பொருளைக் கழற்றாமல் எப்படிச் சுத்தம் செய்வது? கிறிஸ் ரீவ் நிறுவனத்தில் செபன்சா என்கிற மடக்குக் கத்தியோடு கழற்றுகிற சாவியையே சேர்த்துத் தருகிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

சாணைக்கல்:
செபன்சாவின் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பொருத்தத்துக்குத்தான் அந்த விலை. மற்றவர்கள் பயப்படுவது, கழற்றியவர் வாஷரைத் தொலைத்துவிட்டு, திருகின் தலையையும் சிதைத்துவிட்டு, பழியை ஆலையின் மேல் போடுவதற்கு. அப்படி வருகிறவர்கள் குறைவில்லை.

கைப்பிடி:
எனக்கு ஒரு சந்தேகம். வாங்கி நாளாகவில்லை என்றால் வாரண்டிக்கு ஏன் போக வேண்டும்? விற்றவரிடமே மாற்றித் தரச் சொல்லலாமே?

உலைவாய்:
அதுதான் சரியான வழி. வாரண்டியில் போனால் பெரும்பாலும் அதே கத்தியைச் சரிசெய்து அனுப்புவார்கள், விற்றவரிடம் போனால் வேறு கத்தி வரும். திருப்பும் கெடு தாண்டுவதற்குள் செய்ய வேண்டும், அதற்கு முன் எதையும் வெட்டவோ தீட்டவோ கூடாது. கீறல் விழுந்த கத்தியைப் பழசு என்று தள்ளிவிடுவார்கள். கல்லில் தீட்டிப் பாருங்கள் என்று நான் சொன்னது திருப்பும் எண்ணமே இல்லாதவர்களுக்கு. கூர் இரண்டு புறமும் ஒரே அகலமில்லை என்பதைத் தனியாக எழுதாதீர்கள், அதை மட்டும் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நடுவுக்கு வந்தால் ஆடுகிறது, இறுக்கினால் சாய்கிறது என்பதை முதல் வரியில் போடுங்கள்.

சாணைக்கல்:
மூடிய நிலையில் ஒரு படம், லைனர் நுனி நிற்கிற இடத்துக்கு ஒரு படம், திருகின் தலைக்கு ஒரு படம். முதலில் கேட்கப்போவது அந்தத் திருகைப் பற்றித்தான்.

மடக்குக்காரன்:
திருகு சிதையவில்லை, பொருத்தமான டார்க்ஸ் (நட்சத்திர முனை) சாவிதான் போட்டேன். படங்களோடு விற்றவருக்கு எழுதிவிட்டேன். மாற்றுக் கத்தியும் சாய்ந்தே வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன் சார், மூன்றாவதைச் சோதிக்க நான் அந்த ஆலையில் சம்பளம் வாங்கவில்லை.