மாண்டர்லிக்கு வந்த மணப்பெண்: அப்பாவியா, உடந்தையா?

நெய்தல்:

டாஃப்னே டு மாரியேயின் 'ரெபெக்கா' நாவலை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். முதல் இரண்டு தடவையும் அந்த மணப்பெண்ணுக்காக அழுதவள் நான். இந்தத் தடவை அவள்மேல் கோபம் வந்தது. அது நியாயமான கோபமா என்று பேசிப் பார்க்கத்தான் இந்த இழை. முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

மறந்தவர்களுக்காகக் கதை. தாய் தகப்பன் இல்லாத இருபத்தொரு வயதுப் பெண். நாவல் முழுக்க அவளுக்குப் பெயர் கிடையாது. ஒரு பணக்கார அம்மாளுக்குத் துணையாக, வருடத்துக்கு 90 பவுண்டு சம்பளத்தில், மான்டே கார்லோவில் தங்கியிருக்கிறாள். அங்கே நாற்பத்திரண்டு வயது மேக்சிம் டி விண்டர் அவளைப் பார்க்கிறார், பழகிய கொஞ்ச நாளிலேயே கல்யாணம் செய்து, கடலோரத்தில் இருக்கும் தன் மாளிகையான மாண்டர்லிக்குக் கூட்டி வருகிறார். அவருடைய முதல் மனைவி ரெபெக்கா படகு விபத்தில் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் படுக்கையறை கலைக்கப்படாமல் இருக்கிறது. வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸ் செத்தவளைச் சாக விடுவதே இல்லை. பிறகு ஒருநாள் கடலடியில் ரெபெக்காவின் படகு அகப்படுகிறது, உள்ளே ஒரு உடல். மேக்சிம் புது மனைவியிடம் ஒத்துக்கொள்கிறார்: நான்தான் அவளைச் சுட்டேன், நான்தான் படகோடு மூழ்கடித்தேன்.

அந்த நிமிடம் இவள் மனதில் ஓடுவது, 'அவர் ரெபெக்காவைக் காதலித்ததே இல்லை' என்ற ஒன்றுதான். ஒரு பெண்ணைக் கொன்ற கை தன் கையைப் பிடித்திருக்கிறது, இவளுக்கு மனம் லேசாகிறது. அதற்கப்புறம் விசாரணை, பொய், மிரட்டல் எல்லாவற்றிலும் அவர் பக்கத்திலேயே நிற்கிறாள். மாளிகையில் பயப்பட வேண்டிய விஷயம் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ரெபெக்காவின் அறை இல்லை, இந்தப் பெண்ணின் நிம்மதிதான் என்று எனக்குப் படுகிறது. அவள் உடந்தை.

மழைக்கோட்டு:

நெய்தல், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் அந்த வீட்டுக்குள் எப்படி வந்தாள் என்பதை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை வழக்கே அந்த வருகையில்தான் இருக்கிறது.

அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதே 'சின்ன முட்டாளே' என்றுதான் மேக்சிம் சொல்கிறார். மாண்டர்லிக்குப் போகும் பாதை வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் ரத்தச் சிவப்பில் ரோடோடென்ட்ரான் பூக்கள். கதவு திறந்தால் மொத்த வேலைக்காரர்களும் வரிசையாக நிற்கிறார்கள், அப்படி நிறுத்தியவள் டான்வர்ஸ். பயத்தில் இவள் கையுறைகளைக் கீழே போடுகிறாள். டான்வர்ஸ் குனிந்து எடுத்துத் தருகிறாள், முகத்தில் இளக்காரம். புது எஜமானி யார், வேலைக்காரி யார் என்று அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

மறுநாள் போன் அடிக்கிறது, 'மிஸஸ் டி விண்டரா?' என்று ஒரு குரல். இவள் சொல்லும் பதில்: 'அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.' தானே இப்போது மிஸஸ் டி விண்டர் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு பீங்கான் பொம்மை கை தவறி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி மேஜை இழுப்பறையில் ஒளித்து வைக்கிறாள், பழி ஒரு வேலைக்காரப் பையன்மேல் போகிறது. சொந்த வீட்டில் யாராவது இப்படி ஒளிப்பார்களா?

இப்படி நொறுக்கப்பட்டவளிடம் போய், புருஷன் கொலையை ஒத்துக்கொண்ட அடுத்த நொடியே நீதி தேவதையாக எழுந்து நில் என்கிறீர்கள். அவள் எங்கே போவாள்? திரும்பிப் போக ஒரு பிறந்த வீடு கூட இல்லை.

பழைய காகிதம்:

இடையில் ஒரு விஷயம். இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் மூத்த கதை நீலத்தாடி. பிரான்சில் ஷார்ல் பெரோ 1697-ல் அச்சிட்டது. கணவன் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஒரே ஒரு அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறான். அவள் திறக்கிறாள். உள்ளே முந்தைய மனைவிகளின் பிணங்கள். கையிலிருந்து நழுவி விழுந்த சாவியில் ஒட்டிய ரத்தம் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கடைசியில் அண்ணன்மார் வந்து அவனைக் கொல்கிறார்கள். சொத்து முழுக்க அவளுக்கு வருகிறது. அந்தப் பணத்தில் அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாள், அண்ணன்மாருக்குப் படையில் பதவி வாங்கிக் கொடுக்கிறாள்.

டு மாரியே இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். இங்கேயும் அறை திறக்கிறது, அது கடலுக்கடியில் கிடக்கும் படகின் அறை. இங்கேயும் உள்ளே மூத்தவளின் பிணம். ஆனால் இவள் அலறவில்லை, அண்ணன்மாரைக் கூப்பிடவில்லை. கணவனைக் கட்டிக்கொள்கிறாள். 'அண்ணன் இல்லாதவள்' என்று மழைக்கோட்டு சொல்வார். உண்மைதான். ஆனால் நாவல் அவளை ஒரு துளி தயங்கக்கூட விடவில்லை. நான் நெய்தல் பக்கம்தான்.

மழைக்கோட்டு:

நீலத்தாடி பல மனைவிகளைக் கொன்றவன், காரணமே தேவைப்படாதவன். மேக்சிமை அவனோடு சேர்க்க முடியாது. ரெபெக்கா எப்படிப்பட்டவள் என்று பாருங்கள். கல்யாணமான சில நாட்களிலேயே மலை உச்சியில் வைத்துத் தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்தவள். ஊருக்கு முன்னால் லட்சணமான எஜமானியாக இருப்பேன், மறைவில் என் இஷ்டம் என்று பேரம் பேசியவள். கடைசி ராத்திரி, வேறு ஒருவனுடைய பிள்ளை உன் வாரிசாக மாண்டர்லியை ஆளும் என்று சீண்டியவள்.

நெய்தல்:

இதெல்லாம் யார் சொன்னது? மேக்சிம் சொன்னது. கொன்றவன் வாயிலிருந்து வரும் கதையில் செத்தவள் கெட்டவளாகத்தான் இருப்பாள். ரெபெக்கா சொல்ல ஒரு பக்கம்கூட அந்த நாவலில் கிடையாது.

மழைக்கோட்டு:

மேக்சிம் மட்டும் சொல்லவில்லை. கடற்கரையில் திரியும் பென் என்ற மனவளர்ச்சி குன்றிய மனிதனை, பார்த்ததை வெளியே சொன்னால் மனநல விடுதியில் அடைத்துவிடுவேன் என்று அவள் மிரட்டியிருக்கிறாள். அவன் இன்னமும் நடுங்குகிறான். அவளை உயிராக நேசித்த டான்வர்ஸே, ரெபெக்கா எந்த ஆணையும் நேசித்ததில்லை, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள் என்கிறாள். சிறு வயதில் ஒரு குதிரையைச் சாட்டையால் அடித்து அடக்கியதைப் பெருமையாகச் சொல்கிறாள். மூன்று வெவ்வேறு வாய்கள், நெய்தல்.

நெய்தல்:

சரி, பென் விஷயத்தை நான் மறந்திருந்தேன். அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுமைக்காரி என்றால் சுட்டுவிடலாமா? ஆண்களைப் பார்த்துச் சிரித்தாள், குதிரையை அடித்தாள் என்பதெல்லாம் மரண தண்டனைக்குக் குற்றமா? எஸ்டேட் நிர்வாகி ஃபிராங்க், புது மனைவி கேட்கும்போது, ரெபெக்காவைப் போல அழகியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்கிறார். அந்தப் பதிலையும் கணக்கில் சேருங்கள்.

வழக்குக் கட்டு:

சட்டம் படித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம். ஒன்று நெய்தலுக்குச் சாதகம், இன்னொன்று பாதகம்.

மேக்சிமுக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, மனைவிக்கு வேறொருவரோடு உறவு இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டிக் கணவன் விவாகரத்து வாங்கலாம். மனைவிக்குத்தான் அந்த வசதி 1923 வரை கிடையாது. கணவனின் துரோகத்தோடு கொடுமை, கைவிட்டுப் போனது என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நாவல் வந்ததோ 1938-ல். அதே வருடத் தொடக்கத்தில்தான் விவாகரத்துக்கான காரணங்களை இன்னும் விரிவாக்கிய 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆக, மேக்சிமின் கையைக் கட்டிப் போட்டது சட்டம் இல்லை, குடும்பப் பெயர். கோர்ட்டில் ஊர் சிரிக்குமே என்ற பயம்.

இப்போது பாதகமானது. 'உடந்தை' என்ற வார்த்தையை நெய்தல் போட்டிருக்கிறார். குற்றம் செய்த கணவனுக்கு அடைக்கலம் கொடுத்தாள் என்று மனைவியைப் பின்னுடந்தையாகத் தண்டிக்கக் கூடாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய விதி. மேக்சிம்மேல் கொலை வழக்கு வந்திருந்தாலும், அரசுத் தரப்பு அவளைக் கூண்டில் ஏற்றி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்க முடியாது. கொலைக்கு அன்றைக்குத் தூக்குதான் தண்டனை என்பதையும் மறக்க வேண்டாம். அவள் பேசினால் அவர் தொங்குவார்.

மழைக்கோட்டு:

இதைத்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்ல முயன்றேன். நன்றி, வழக்குக் கட்டு சார்.

நெய்தல்:

கொஞ்சம் நில்லுங்கள். அந்த விதி ஏன் வந்தது சார்?

வழக்குக் கட்டு:

கல்யாணமானால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்ற கருத்திலிருந்து வந்தது. அந்த ஒரே ஆள் கணவன்.

நெய்தல்:

ஆக, அவள் குற்றவாளி இல்லை, ஏனென்றால் அவள் தனி ஆளே இல்லை. பெயரில்லாத பெண் என்று ஆசிரியர் காட்டியதைச் சட்டமும் சொல்கிறது. இது அவளைக் காப்பாற்றும் வாதமாக எனக்குத் தெரியவில்லை மழைக்கோட்டு, இன்னும் இருட்டாகத்தான் தெரிகிறது.

வாசற்படி:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

நான் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவள். பெரிய வீடு. கூடத்தில் மாலை போட்ட அக்கா படம். வந்த முதல் நாளே அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டேன். அடுப்படியில் எந்த டப்பாவைத் திறந்தாலும் அக்கா கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கும். வீட்டில் வேலை செய்த அம்மா, 'அவங்க ரசம் வைச்சா தெருவே மணக்கும்' என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் என் வீட்டுக்காரர் சொன்னார், அக்காவுக்கும் அவருக்கும் ஒத்தே போகவில்லை, கடைசி ஒரு வருடம் பேச்சே இல்லை என்று. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெண் சந்தோஷமில்லாமல் வாழ்ந்து செத்தாள் என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் படத்துக்குப் பூ வைக்கும்போது கை நடுங்கியது.

அதனால் நெய்தல், அந்த மனம் லேசாகும் இடத்தை நான் படித்தபோது, இந்த ஆசிரியருக்கு இது எப்படித் தெரிந்தது என்றுதான் நினைத்தேன். அது தப்பான சந்தோஷம்தான். ஆனால் அது பொய் இல்லை.

பழைய காகிதம்:

வாசற்படி அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. டு மாரியேயின் கணவருக்கு இவரைக் கல்யாணம் செய்வதற்கு முன்னால் வேறொரு பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணின் நினைப்பு டு மாரியேயை விடாமல் துரத்தியது. ராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்த நாட்களில், இங்கிலாந்தின் கடலோரப் பகுதியான கார்ன்வாலை நினைத்த ஏக்கத்தோடுதான் இதை எழுதத் தொடங்கினார். காதல் கதை என்று விற்றபோது அவருக்குப் பிடிக்கவில்லை, இது பொறாமையைப் பற்றிய ஆராய்ச்சி என்பது அவருடைய கருத்து. மாண்டர்லிக்கு முன்மாதிரியான மெனாபில்லி மாளிகையும் அவருக்குச் சொந்தமாகவில்லை. 1943-ல் குத்தகைக்கு எடுத்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்துவிட்டு, கடைசியில் காலி செய்ய வேண்டியதாயிற்று. வேறு ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கியிருந்தவர்தான் அவரும்.

மழைக்கோட்டு:

வாசற்படி எழுதியதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த நாவலை வைத்து ஹிட்ச்காக் 1940-ல் எடுத்த படத்தில் மேக்சிம் சுடுவதில்லை. ரெபெக்கா தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். கொலைகாரன் தப்பிக்கக் கூடாது என்ற அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிதான் காரணம். படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் நெய்தல் கோபப்படும் இந்தப் பெண் அதில் இல்லை. விபத்தை மறைத்தவனை மன்னிப்பது சுலபம். நாவலில் இருப்பவளுக்குத்தான் சோதனை. அவளை அந்தச் சோதனையோடு நேசிக்க என்னால் முடிகிறது. உடந்தை என்றால் மறைக்க வேண்டும். இவள் நம்மிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாளே?

நெய்தல்:

எப்படிச் சொல்கிறாள் என்று முதல் இரண்டு அத்தியாயங்களைத் திரும்பப் பாருங்கள். மாண்டர்லி எரிந்துபோய்விட்டது. இருவரும் வெளிநாட்டில் ஹோட்டல் ஹோட்டலாக இருக்கிறார்கள். அவருக்குப் பழைய நினைவு வந்துவிடக் கூடாதே என்று கிரிக்கெட் ஸ்கோரை உரக்கப் படித்துக் காட்டுகிறாள். மான்டே கார்லோவில் அந்த அம்மாளுக்குச் செய்த அதே துணை வேலை, சம்பளம் மட்டும் இல்லை. அந்த வாழ்க்கையைத்தான் நிம்மதி என்கிறாள்.

எல்லாவற்றையும் சொல்கிறாள், உண்மை. புருஷன் பெயர், செத்தவள் பெயர், வேலைக்காரர்கள் பெயர், நாயின் பெயர்கூடச் சொல்கிறாள். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. கையெழுத்தில்லாத வாக்குமூலத்தை நான் எப்படி வாங்கிக்கொள்வது?

பழைய காகிதம்:

அதற்கு ஆசிரியர் சொன்ன காரணம் எளிமையானது. எழுதத் தொடங்கியபோது பொருத்தமான பெயர் தோன்றவில்லை, அப்புறம் பெயரில்லாமலே கொண்டுபோவது ஒரு சவாலாகிவிட்டது என்றார்.

வாசற்படி:

அவருக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் தம்பி. எங்கள் தெருவில் என்னை இன்றைக்கும் 'சின்னவள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.